கேளா ஒலியும் நஞ்சுக் கழிவும்

ஒலி என்றவுடன் செவியின் நினைவு வருவது இயல்பு. ஆயினும் மனிதச் செவிக்கு எட்டுவது ஒலியுலகின் ஒரு சிறு பகுதியே. விநாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளையே நாம் கேட்கிறோம். அதற்கு மேற்பட்டவற்றை வௌவால் கேட்கும், நாம் கேளோம். இதற்குக் ‘கேளா ஒலி’ என்று பெயரிட்டனர். ‘மீயொலி’ என்ற சொல்லும் இன்று வழங்குகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு முன்னதே பிடித்தமானது. கேட்டவுடன் பொருள் விளங்குகிறதல்லவா?

வயிற்றினுள் இருக்கும் சிசுவை மருத்துவர் காண்பதற்கும், நகைக்கடையில் சிறு தொட்டியொன்றில் வைரத்தோட்டின் அழுக்கைப் போக்குவதற்கும் இவ்வொலி பயன்படுவதை நேயர்கள் அறிவர். ரசாயன ஆலைகளின் கழிவுநீரில் கரைந்துள்ள நஞ்சுகளையும் இதனால் சிதைக்க இயலும் என்பதே இங்குக் கூறவந்த செய்தி.

மும்பையிலிருந்து ஆமதாபாத் செல்லும் இருப்புப்பாதையில் வாபி, அங்கலேசுவர் போன்ற தொழில் நகரங்கள் உள்ளன. சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி முதலியவற்றைச் செய்யும் இத்தகைய ஊர்களின் கழிவுநீரில் பீனால், குளோரின் கலந்த கரிமப் பொருள்கள் முதலியன இருத்தல் கூடும். ஊர்ச்சாக்கடையைத் தின்று தூய்மை செய்யும் நுண்ணுயிர்கள் இவற்றுள் பலவற்றை நெருங்கா, நெருங்கினால் மடியும். கரித்தூளில் ஊறவைத்து எடுக்கலாம் என்பர். அப்பொழுது நீர் தூயதாகும், கரி நஞ்சாகும். நஞ்சு இடம் மாறிற்றேயன்றி அழிந்ததன்று.

கேளா ஒலி அதனை அழிப்பது எங்ஙனம்? காப்பிக்கு நீர் கொதிக்க வைக்கும்போது, கொதி வருவதற்குச் சற்று முன் பாத்திரம் ‘உஸ்’ என்று பாடுகிறது. அடியில் தோன்றும் நீராவிக் குமிழிகள் மேலேயுள்ள குளிர்ந்த நீரில் பட்டு நசுங்கும் ஓசை அது. வலிமை மிக்க ஒலி நீரில் பாயும்போதும் இவ்வாறே குமிழிகள் பிறந்து நசுங்குகின்றன. ஒலியலை நீரை மாறிமாறி நெருக்குகிறது, இழுக்கிறது. இழுக்கும்போது கண்ணுக்குப் புலப்படாத குமிழி விரிகிறது. நெருக்கும்போது திடீரெனக் குலைகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு கைக்குச் சுடுவதை அறிவோம். காற்று அமுங்கினால் சூடேறும். குமிழியோ ஒரு விநாடியின் மிகமிகச் சிறு கூறில் அமுங்கிவிடுவதால், அச்சூடு வெளியே தப்புவதற்கு அவகாசமில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கென்னத் சஸ்லிக் முதலியோர் இதனை அளந்து, குமிழியின் உள்ளே வெப்பம் சுமார் 5,000 டிகிரியை எட்டுவதைக் கண்டனர். சூரியனின் மேற்பரப்பு வெப்பத்துக்கு அது ஏறத்தாழ நிகரானது. அமுக்கமோ வளிமண்டலத்தைப்போல் பல நூறு மடங்கு. சுற்றியுள்ள நீர் மட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கும்!

இது நேற்றுத் தோன்றிய ஞானமன்று. கப்பல்களின் சுழல்விசிறிகள் அரிக்கப்படுவதன் காரணத்தை ஆராய்கையில், குலையும் குமிழியின் அமுக்கத்தை 1917-இல் கணக்கிட்டவர் ராலே பிரபு. 1927-இல் ரிச்சர்ட்ஸ், லூமிஸ் என்ற இருவர் ஒலியினால் ரசாயன மாறுதல்கள் விரைவதை வெளியிட்டனர். லூமிஸ் நியூயார்க்கில் வங்கித்தொழில் நடத்தியவர். தம் செல்வத்தைக் கொண்டு சொந்தமாக ஆராய்ச்சிசாலை அமைத்துக்கொண்டவர்.

குமிழிக்குள் நஞ்சு அழிவது இருவகையில். கார்பன் டெட்ராகுளோரைடு, டிரைகுளோரோஎத்திலீன் போன்று எளிதில் ஆவியாகும் பொருள்கள் குமிழிக்குள் தாமே புகுந்து, அதன் வெப்பத்தில் வெந்து துண்டாகின்றன. பீனால் போன்று நீரிலேயே தங்குபவை உள்ளே வாரா. அவற்றுக்கு வேறு கதி. குமிழிக்குள் நீராவியே பிளந்து, ஹைட்ராக்சில் என்னும் துண்டை ஈனுகிறது. தனித்திருக்கப் பொறாத இத்துண்டு, அருகிலுள்ள எந்தக் கரிமப்பொருளையும் பற்றிக் கடித்துவிடும். இப்பணிக்கு விநாடிக்குச் சில லட்சம் அதிர்வுகள் உள்ள ஒலியே பெரும்பாலும் ஏற்றது.

மிக்க வியப்புக்குரியது மூன்றாவது இனம். தீயணைக்கும் நுரையிலும், எண்ணெய் ஒட்டாத வாணலித் தொழிலிலும் பயன்பட்ட புளோரின் சேர்மங்கள் அவை. கரியும் புளோரினும் கொண்ட பிணைப்பு கரிம ரசாயனத்தில் மிக உறுதியானது. ஹைட்ராக்சிலும் அதனிடம் எளிதில் வெல்லாது. ஆனால் இம்மூலக்கூறுக்குச் சவர்க்காரத்தைப்போல் தலை ஒன்று, வால் ஒன்று. தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். ஆகவே அது குமிழியின் விளிம்பைத் தானே தேடிவந்து ஒட்டிக்கொள்கிறது. குமிழி குலையும்போது விளிம்பில் உண்டாகும் வெப்பத்தில் சிதைகிறது. நஞ்சைப் பிடிக்க நாம் அலைய வேண்டியதில்லை.

இனி இதன் எல்லையையும் கூறவேண்டும். போபால் நகரில் 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு நேர்ந்த விஷவாயு விபத்தை யாரும் மறந்திலர். அவ்வாலையில் எஞ்சிய 337 டன் கழிவு 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் எரிக்கப்பட்டது. கேளா ஒலியால் அதைச் செய்திருக்கலாமே என்று எவரேனும் கேட்பின், இயலாது என்பதே விடை. மண்ணோடு கலந்த திடக்கழிவுக்கும், செறிவு மிக்க நஞ்சுக்கும் இது உதவாது. நீரில் சிறிதளவே கரைந்திருக்கும் நஞ்சுக்குத்தான் இது ஏற்றது. அவ்வாலையைச் சூழ்ந்த குடியிருப்புகளில் நிலத்தடி நீர் மாசுற்றது. அங்குத் தூய குடிநீர் வழங்குமாறு 2004-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அத்தகைய நீரை இறைத்து இம்முறைக்கு உட்படுத்துவது கருதத்தக்கதே. எனினும் செலவு பெரிது. செலுத்தும் மின்சக்தியில் பெரும்பகுதி நீரைச் சூடாக்குவதிலேயே வீணாகிறது. நஞ்சைச் சிதைக்கப் பயன்படுவது மிகச் சொற்பம். அன்றியும் பாதியில் நிறுத்தினால் முதற்பொருளினும் கொடிய இடைப்பொருள் எஞ்சுதல் கூடும். சாயக் கழிவின் நிறம் மறைந்தது கண்டு மகிழ்வது போதாது. கரையுண்ட கரி எவ்வளவு குறைந்தது என்று அளத்தல் வேண்டும்.

இச்செலவைக் குறைக்கும் வழியொன்றில் மும்பை மாட்டுங்காவில் உள்ள ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலமாக உழைத்துள்ளது. தமிழர் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதி அது. 1933-இல் பல்கலைக்கழகத் துறையாகத் தோன்றிய அந்நிறுவனத்தின் பேராசிரியர் அனிருத்த பண்டிட் முதலியோர் ஒலியை விடுத்துப் பம்பை நாடினர். துளையிட்ட தட்டொன்றின் வழியே நீரை விரைந்து செலுத்தினால், துளையில் அமுக்கம் குறைந்து குமிழிகள் தோன்றும். அப்பால் அமுக்கம் மீளும்போது அவை குலையும். ஒலி தரும் உக்கிரம் இதில் இல்லை. எனவே ஓசோனையோ ஹைட்ரஜன் பெராக்சைடையோ உடன் சேர்க்கின்றனர். ஆனால் ஒரே மின்செலவில் மிகுதியான நீரை நடத்தலாம். பம்பும் குழாயும் தெரிந்த தொழிலாளியே இதனை இயக்குவான். கப்பலின் விசிறியை அரித்த அதே குமிழிகள் இத்தட்டையும் அரிப்பதால், அதனை அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும்.