அதிர்வைக் கரைப்பவை

சக்கரம் பள்ளத்தில் விழும் அடியை வண்டிக்கும் அதில் இருப்பவருக்கும் நேரே சேரவிடாமல் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். அதன்பின் வண்டி துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். பைக்கில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்தியிருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். வேலை வேறு வேறு. ஸ்பிரிங் வாங்கிய அடியைத் தனக்குள் வைத்திருந்து, சற்று நேரத்தில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அப்படித் திரும்பி வரும் விசையை இல்லாமல் ஆக்குவதுதான் ஷாக் அப்சார்பர்.

அதன் உள்ளே இருப்பது அதிகமில்லை. எண்ணெய் நிரம்பிய ஓர் உருளை, அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனில் சில சிறு துளைகளும் வால்வுகளும். சக்கரம் மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கிப் போயாக வேண்டும். மெல்ல அழுத்தினால் எளிதில் வழிவிடும்; வேகமாக அடித்தால் எதிர்ப்பு கூடும். இந்த நெருக்கடியில் எண்ணெய் சூடாகிறது, சூடு உருளையின் சுவர் வழியே காற்றில் கலக்கிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியில் ஷாக் அப்சார்பரைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

ஆந்திராவில் பிச்சாட்டூர் வழியாகப் புத்தூர் நோக்கிப் பாரம் ஏற்றிப் போகும் லாரிகளில் எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங் இருக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதிலேயே துள்ளல் ஓரளவு அடங்கும். பழைய வில்வண்டிக்கு இது மட்டுமே துணை. பாரம் இழுத்த கட்டை வண்டிக்கு அதுவும் கிடையாது. பள்ளத்தின் அடி நுகத்தடி வழியே மாட்டின் கழுத்திலும் இறங்கியது.

ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் கெடுவதில்லை. எண்ணெய் கசியக் கசியச் சிறிது சிறிதாக வலுவிழக்கும். காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் அது ஓரிரு ஆட்டத்தில் நின்றுவிட வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் மாற்றும் வேளை வந்துவிட்டது. அதைத் தள்ளிப்போட்டால் கெடுவது சொகுசு மட்டுமல்ல. டயர் திட்டுத் திட்டாகத் தேயும். சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை. வசதிக்கான உறுப்பு என்று நினைக்கப்படும் இது உண்மையில் உயிர்காக்கும் உறுப்பு.

மனித உடலிலும் இந்த ஏற்பாடு உண்டு. முதுகெலும்பின் கண்ணிகளுக்கு இடையே 23 தட்டுகள்; இளமையில் அவற்றின் நடுப்பகுதி பெரும்பாலும் நீர்தான். பகல் முழுதும் உடல் எடையால் அந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது, இரவுத் தூக்கத்தில் மீண்டும் ஊறுகிறது. மாலையில் மனிதர் காலையைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குள்ளமாக இருப்பது இதனால். சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை, தன்னைச் சூழ்ந்த நீரில் மிதப்பதால் 50 கிராம் அளவுக்கே கனக்கிறது. அடி தாங்கும் எல்லையை மீறினால் எலும்பு முறியும். அப்படி முறிந்தவர்கள் பிச்சாட்டூருக்கு அருகிலுள்ள புத்தூருக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறார்கள்.

பிச்சாட்டூரில் இதே ஏற்பாட்டைப் பெரிய அளவில் காட்டுவது ஆரணி ஆற்றின் அணை. திருப்பதி மாவட்டத்தில் உள்ள இதன் கொள்ளளவு சுமார் 1.85 டி.எம்.சி., அதாவது 185 கோடி கன அடி. ஆறு இங்கிருந்து சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி எனப் போய்ப் பழவேற்காட்டில் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மேலே மலைகளில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் திரண்டு வரும். அணை அந்தத் திடீர் நீரை அகலப் பரப்பி, மதகு வழியே அளவாக விடுகிறது. வெள்ளத்தின் உச்சம் தணிகிறது, தாமதமாகவும் வருகிறது. அந்தத் தாமதம் கரையோர மக்கள் மேட்டுக்குப் போகக் கிடைக்கும் அவகாசம்.

ஆனால் அணைக்குள் இடம் இருந்தால்தான் இது நடக்கும். வினாடிக்கு 10,000 கன அடி நீர் ஒரு நாள் முழுதும் வந்தால் அது 0.86 டி.எம்.சி. பாதி காலியாக இருக்கும் அணை அதை முழுவதும் வாங்கிக்கொள்ளும். நிரம்பிய அணையோ வந்ததைப் பெரும்பாலும் வந்தபடியே கீழே அனுப்ப வேண்டியிருக்கும். 2021 நவம்பரில் பிச்சாட்டூர் அணையின் உபரிநீர் திறக்கப்பட்டபோது ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கியது. 2015 டிசம்பர் 1 அன்று, நிரம்பும் நிலையில் இருந்த, சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் விடப்பட்டது.

கோடைப் பயிருக்கு நீர் வேண்டும் உழவர், அணை நிறைந்திருக்கவே விரும்புவார்; அந்த விருப்பத்தில் தவறில்லை. வெள்ளத்துக்கோ காலி இடம் தேவை. இரண்டுக்கும் நடுவே நிற்பது மழை முன்னறிவிப்பும், மதகைத் திறக்கும் முன் எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டைக்குப் போய்ச் சேரும் எச்சரிக்கையும்தான். பழைய ஏரிச் சங்கிலி வெள்ளம் தணிக்கும் வேலையைப் பலவாகப் பிரித்துச் செய்தது. ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போனது. ஒவ்வொன்றும் கொஞ்சம் வாங்கி மெல்ல விட்டது. ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டிய இடங்களில் வெள்ளம் இப்போது நேரே இறங்குகிறது.

குடும்பத்தின் வரவு செலவுக்கும் இதே விதி. மழையை நம்பி வேர்க்கடலை போடும் சித்தூர்ப் பகுதிக் குடும்பத்துக்கு விளைச்சல் பொய்க்கும் ஆண்டில் கைகொடுப்பது கறவை மாட்டின் பால் காசு. அதுவும் போதாதபோது ஆடு விற்கப்படும். ஆனால் வறட்சி எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வருவது. எல்லோரும் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டும்போது விலை சரிகிறது.

அடுத்தது கடன். கடன் ஸ்பிரிங்கைப் போன்றது: இன்றைய அடியை வாங்கிக்கொள்கிறது, பின்பு வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது. ஆந்திராவில் டுவாக்ரா எனப்படும் மகளிர் குழுக்களின் சேமிப்பும் குறைந்த வட்டியும் அந்தத் துள்ளலை ஓரளவு அடக்கின. வாரத் தவணை கேட்ட நுண்கடன் நிறுவனங்களோ ஒன்றின்மேல் ஒன்றாகக் கடன் கொடுத்தன. தவணை வசூலில் நடந்த கெடுபிடிகளும் தற்கொலைச் செய்திகளும் பெருகியபோது, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு அவற்றைக் கட்டுப்படுத்தியது.

உண்மையான ஷாக் அப்சார்பர், வாங்கிய அடியைத் திருப்பிக் கேட்காதது. பயிர்க் காப்பீடு அந்த வகை. ஊரக வேலை உறுதித் திட்டமும் அந்த வகைக்கென்றே வந்தது. 2006 பிப்ரவரி 2 அன்று ராயலசீமையின் அனந்தபூர் மாவட்டத்தில், பண்ட்லபள்ளி ஊரில் தொடங்கியது. ஒரு வட்டாரத்தின் வறட்சிச் சுமையை நாடு முழுதும் பகிர்ந்துகொள்ள அது வழி செய்தது. கேட்பவருக்கெல்லாம் வேலை என்பதால் தேவைக்கேற்ப விரியவும் இடமிருந்தது: கொரோனாவால் நகரங்களிலிருந்து தொழிலாளர்கள் ஊர் திரும்பிய 2020-21இல் சுமார் 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. வேலை செய்த 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது அந்தத் திட்டத்துக்கான சட்டத்தின் விதியாக இருந்தது. கூலி தள்ளிப்போன இடங்களில், இடைப்பட்ட நாட்களுக்கு அரிசி வாங்க அந்தக் குடும்பங்கள் மறுபடியும் வட்டிக்குத்தான் போக வேண்டியிருந்தது.