முதுகும் பணப்பையும்

முதுகு வலி ஒரு விசித்திரமான உபாதை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். புண் என்றால் கண்ணால் காணலாம். முதுகு வலியோ வலிக்கிறவனுக்கு மட்டுமே தெரியும். நம் ஊர்களில் குடத்தைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டால், சுளுக்கு வழிக்கிறவரைத் தேடி ஆள் அனுப்புவார்கள். அவர் நல்லெண்ணெயைத் தடவி நாலு முறை வழித்துவிடுவார். வெற்றிலை பாக்குடன் கொஞ்சம் சில்லறை வைத்துக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது.

அமெரிக்காவிலோ, முதுகைப் பிடித்துவிடுவது ஒரு பெரிய சாஸ்திரம். அதற்குப் பணம் கட்டுவது அதைவிடப் பெரிய சாஸ்திரம்!

அந்த வைத்தியத்துக்குக் 'கைரோபிராக்டிக்' என்று பெயர். கிரேக்க பாஷையில் 'கைர்' என்றால் கை என்று அர்த்தமாம். தமிழ்க் கைக்கும் கிரேக்கக் கைக்கும் உறவுண்டா என்பதைப் பண்டிதர்கள் விசாரித்துக்கொள்ளட்டும். மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. கையால் முதுகெலும்பை அழுத்தித் திருப்பிச் சரிசெய்வதே இந்த வைத்தியத்தின் சாரம்.

1895-ம் வருஷம் ஐயோவா மாகாணத்தில் டாவன்போர்ட் என்னும் ஊரில் டி. டி. பால்மர் என்பவர் இதை ஆரம்பித்தார். ஹார்வி லில்லார்ட் என்ற தொழிலாளிக்குப் பல வருஷங்களாகக் காது மந்தம். அவருடைய முதுகெலும்பில் ஒரு புடைப்பைக் கண்டு, அதை அழுத்திச் சரிப்படுத்தியதும் காது கேட்டது என்று பால்மர் எழுதி வைத்திருக்கிறார். காதுக்குச் செல்லும் நரம்பு முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையே என்று சரீர சாஸ்திரிகள் ஆட்சேபித்தார்கள். ஆனாலும் பால்மரின் பள்ளிக்கூடம் வளர்ந்தது.

1906-ல் அநுமதிச் சீட்டில்லாமல் வைத்தியம் செய்ததற்காகப் பால்மருக்குத் தண்டனை கிடைத்தது. அபராதம் கட்டுவதைவிடச் சிறை செல்வதே மேல் என்று அவர் சிறை புகுந்தார். இத்தகைய முடிவு நம் தேசத்தாருக்குப் புதிதன்று! ஆனால் சில நாள் கழித்து அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். 1913-ல் கன்ஸாஸ் மாகாணம் இத்தொழிலுக்கு முதன்முதலாகச் சட்டம் செய்தது. கடைசியாக லூயிஸியானா மாகாணம் இசைந்தது 1974-ல்தான். இதற்கிடையில், இவர்களுடன் டாக்டர்கள் யாரும் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க வைத்திய சங்கம் விதி செய்திருந்தது. 1976-ல் தொடுத்த வழக்கில், அந்தப் பகிஷ்காரம் சட்ட விரோதம் என்று 1987-ல் தீர்ப்பாயிற்று.

பணம் யார் கொடுப்பது?

அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதானவர்களுக்குச் சர்க்காரே நடத்தும் 'மெடிகேர்' என்ற வைத்திய இன்ஷூரன்ஸ் இருக்கிறது. 1972-ல் செய்த திருத்தத்தினால் அதில் கைரோபிராக்டர்களுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் எவ்வளவு இடம் தெரியுமா? முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் அந்த ஒரு காரியத்துக்கு மட்டுமே பணம் உண்டு. பரிசோதனைக்கு இல்லை, எக்ஸ்ரே படத்துக்கு இல்லை, உடம்பு பிடித்துவிடுவதற்கும் இல்லை.

ஒரு பேச்சுக்கு, முதுகைச் சரிசெய்ய 50 டாலர், பரிசோதனைக்கு 60, எக்ஸ்ரேக்கு 100 என்று வைத்துக்கொள்ளுவோம். மொத்தம் 210. அந்த வருஷத்துக்கு நோயாளி தம் பொறுப்பில் கட்டவேண்டிய முதல் தொகையை ஏற்கெனவே கட்டிவிட்டார் என்றாலும், சர்க்கார் தருவது ஐம்பதில் நூற்றுக்கு எண்பது வீதம், அதாவது 40 டாலர். மிச்சம் 170 டாலர் கிழவருடைய பையிலிருந்து! "இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்று தைரியமாகப் போனவருக்கு, போன முதுகு வலி பில்லைக் கண்டதும் திரும்பி வந்துவிடாதா?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1999-ம் வருஷ முடிவு வரையில், எலும்பு பிசகியிருப்பதற்கு எக்ஸ்ரே படம் சாட்சியாக வேண்டும் என்று சர்க்கார் விதித்திருந்தது. ஆனால் கைரோபிராக்டர் எடுக்கும் படத்துக்குக் காசு கொடுக்க மாட்டோம் என்றும் அதே சர்க்கார் சொல்லிற்று. 2000-ம் வருஷம் முதல்தான் அந்த நிபந்தனை நீங்கியது.

மற்றொரு விதியும் உண்டு. சிகிச்சையால் குணம் கண்டுவரும் வரையில்தான் சர்க்கார் பணம். இனி இதற்குமேல் குணம் இல்லை, இருக்கும் நிலையைக் காப்பாற்றவே வருகிறார் என்றால் செலவு நோயாளியுடையது. அப்போது முன்கூட்டியே ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்திடுகிறவர்தான் பின்னால் வருந்துகிறார்.

வயது குறைந்தவர்கள் தனியார் இன்ஷூரன்ஸை நம்புகிறார்கள். அங்கே வருஷத்துக்கு இத்தனை தடவைதான் என்று பெரும்பாலும் வரம்பு இருக்கும். ஒவ்வொரு தடவையும் நோயாளியின் பங்கு உண்டு. மோட்டார் விபத்தில் அடிபட்டவர்களுக்குக் கடனுக்கும் வைத்தியம் நடக்கிறது. நஷ்ட ஈடு வந்ததும் வைத்தியர் தம் பங்கை எடுத்துக்கொள்ளுவார். இன்னும் சிலர் மாதச் சந்தா வசூலிக்கிறார்கள். சிலர் பல தடவைக்குச் சேர்த்து முன்பணம் வாங்குகிறார்கள். மொத்தமாக வாங்கினால் மலிவுதான். ஆனால் ஐந்தாவது தடவையிலேயே வலி தீர்ந்துவிட்டால் மீதிப் பணம் திரும்புமா என்று கேட்டுக்கொள்ளுவது விவேகம்.

பலன் உண்டா?

2017-ல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி வெளியிட்ட யோசனைகளில், இடுப்பு வலிக்கு மருந்தில்லாத சிகிச்சைகளை முதலில் பார்க்கும்படி சொல்லி, அவற்றில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். புதிதாக வந்த இடுப்பு வலி, என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் தானே குறையும் என்றும் அதே இடத்தில் கூறியிருக்கிறார்கள். ஆஸ்துமா முதலியவற்றையும் முதுகெலும்பின் வழியாகத் தீர்ப்போம் என்பவர்களுக்குத் தக்க ருஜு இல்லை. கழுத்தை வேகமாகத் திருப்புவதால், அபூர்வமாக, இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுமுண்டு. இடுப்பு வலியுடன் கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டினாலோ, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

நேயர்களின் பிள்ளைகளும் பெண்களும் அத்தேசத்தில் இருக்கலாம். அவர்களைப் பார்க்கப் போன இடத்தில் இடுப்புப் பிடித்துக்கொள்ளவும் கூடும். அப்போது மேஜைமேல் குப்புறப் படுப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை தடவை வரவேண்டும்? எதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் பணம் தரும்? என் கையிலிருந்து எவ்வளவு?

குப்புறப் படுத்த பிறகு கேட்பது கஷ்டம். எழுந்த பிறகு கேட்பதில் பிரயோஜனம் இல்லை!