கண் மஞ்சளாகும் வரை காத்திருக்கலாமா?

வலது பக்க வயிற்றின் மேல்பகுதியில் வலி. உடம்பைத் தூக்கிப் போடும் குளிர் ஜுரம். கண்ணில் மஞ்சள்.

இந்த மூன்றும் ஒருவருக்குச் சேர்ந்து வந்தால், பித்தநீர்க் குழாயில் கிருமி புகுந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். டாக்டர்கள் 140 ஆண்டுகளுக்கு மேலாகப் படித்து வரும் பாடம் இது.

சரி, மூன்றும் சேர்ந்து வராவிட்டால் இந்த நோய் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடலாமா? கூடாது! அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

மடை அடைத்தால்...

நமது ஈரல் தினமும் சுமார் முக்கால் லிட்டர் பித்தநீரைச் சுரக்கிறது. சாப்பாட்டில் உள்ள கொழுப்பு செரிப்பதற்கு இது தேவை. ஒரு மெல்லிய குழாய் வழியாக இது சிறுகுடலில் வந்து விழுகிறது.

வழியில் உள்ள பித்தப்பையில் சிலருக்குக் கல் உண்டாகிறது. கல் பையிலேயே கிடந்தால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. அது நகர்ந்து வந்து குழாயில் சிக்கிக் கொண்டால்தான் வினை.

மடை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் கெடும். அதே கதைதான் இங்கும். தேங்கிய பித்தநீரில் குடல் கிருமிகள் பெருகுகின்றன. குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. குளிர் நடுக்கத்துடன் ஜுரம் அடிக்கிறது. வெளியேற முடியாத பித்தத்தின் நிறம் ரத்தத்தில் ஏறிக் கண்ணை மஞ்சளாக்குகிறது. சிறுநீர் கடுந்தேநீர் போல் ஆகிறது. மலம் வெளுக்கிறது.

பாரிஸ் டாக்டர்

இந்த மூன்று அறிகுறிகளையும் சேர்த்துச் சொன்னவர் சார்க்கோ என்ற பிரெஞ்சு டாக்டர். பாரிஸ் நகரில் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் பணியாற்றியவர். நரம்பு நோய் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். மனோதத்துவ மேதை பிராய்டு இவரிடம் பாடம் கேட்டவர்.

சார்க்கோ இதை எழுதியது 1877-ம் ஆண்டு. அப்போது எக்ஸ்ரே கூடக் கிடையாது. டாக்டர் தன் கண்ணையும் கையையும் கொண்டே நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1959-ம் ஆண்டில் ரெனால்ட்ஸ், டார்கன் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் மேலும் இரண்டு அறிகுறிகளைச் சேர்த்தார்கள். ஒன்று, ரத்த அழுத்தம் விழுந்துவிடுவது. மற்றொன்று, புத்தி மயங்குவது. ஐந்தும் சேர்ந்து வந்தால் உயிருக்குப் பேராபத்து.

கணக்கு என்ன சொல்கிறது?

டோக்கியோ நகரின் பெயரால் 2007-ம் ஆண்டில் இந்த நோய்க்கென்று விதிகள் வகுக்கப்பட்டன. 2013-ல் அவற்றைத் திருத்தியபோது, ஜப்பானிய நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு சார்க்கோவின் மூன்று அறிகுறிகளைச் சோதித்துப் பார்த்தார்கள்.

நோய் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 26 பேருக்கு மட்டுமே மூன்றும் இருந்தன! அதாவது, மூன்றும் வரட்டும் என்று காத்திருந்தால் நாலில் மூன்று பேரைத் தவறவிட நேரும்.

அதற்காக சார்க்கோ சொன்னது பொய் என்று நினைக்க வேண்டாம். இந்த நோய் இல்லாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 96 பேருக்கு மூன்றும் சேர்ந்து வரவில்லை. ஆகவே, மூன்றும் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். வராததை நம்பித்தான் சும்மா இருக்கக் கூடாது.

ஏன் வருவதில்லை?

கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மஞ்சள் ஏறச் சற்று நேரம் பிடிக்கும். கல் சில சமயம் அசைந்து கொடுத்தால் பித்தநீர் கசிந்து ஓடும், மஞ்சள் குறையும். கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரை ஜுரத்தையும் வலியையும் மறைத்துவிடும். வயதானவர்களுக்கோ ஜுரமும் வலியும் சரியாகத் தெரியாமலே நோய் முற்றிவிடலாம்.

திருச்செந்தூரில் சஷ்டி விரதம் இருந்த ஒரு பாட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். லேசான வயிற்று வலி. ஒரு நாள் மட்டும் நடுக்கம். பிறகு ஒரே சோர்வு, பேச்சில் தடுமாற்றம். வெறும் வயிற்றில் பித்தம் ஏறிவிட்டது, வயதும் ஆகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் அந்தத் தடுமாற்றமே ஐந்தாவது அறிகுறியாக இருக்கலாம்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துப் பத்தியம் இருக்கச் செய்வதும் நம் பக்கத்து வழக்கம். ஆனால் குழாயில் சிக்கிய கல்லைக் கீழாநெல்லி எடுத்துவிடாது. எலிக்காய்ச்சலிலும், வைரஸ் கிருமியால் வரும் காமாலையிலும் கூட ஜுரமும் மஞ்சளும் உண்டு. எது என்று வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியாது.

இன்றைய வழி

இன்று டாக்டர்கள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். உடம்பில் கிருமி புகுந்த அடையாளம் உண்டா? பித்தநீர் தேங்கியிருப்பதாக ரத்தப் பரிசோதனை சொல்கிறதா? ஸ்கேனில் குழாய் வீங்கியோ, கல் சிக்கியோ தெரிகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் நோய் உறுதி. முதல் கேள்வியுடன் மற்ற இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே சந்தேகிக்க வேண்டும். இந்த முறையில் நூற்றுக்குச் சுமார் 92 பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது. நோய் இல்லாத சிலரையும் சந்தேகிக்க நேரும்தான். ஆனால் தவறவிடுவதை விட அது மேல்.

ஏனெனில், இதற்கு வைத்தியம் உண்டு. ஊசி வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பார்கள். வாய் வழியாகக் குழாய்க் கருவியைச் செலுத்தி அடைப்பைத் திறந்துவிடுவார்கள். ஹாங்காங்கில் கடுமையாக நோயுற்ற 82 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 1992-ம் ஆண்டு வெளிவந்தது. அவசர ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 32 பேர் வீதம் இறந்தார்கள். கருவி மூலம் அடைப்பு திறக்கப்பட்டவர்களிலோ 10 பேர் வீதமே!

திருச்செந்தூரில் இருந்து தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சுமார் 40 கிலோமீட்டர். நெல்லையிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உண்டு. 108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

குளிர் நடுக்கத்துடன் ஜுரமும், மேல் வயிற்றில் வலியும் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பித்தப்பையில் கல் இருப்பதாக முன்பே சொல்லப்பட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம்.