குதிரை வண்டி முதலாளிகள்: ஆமிஷ் மக்களின் சிறுவியாபாரம் ஏன் நிலைக்கிறது?

கடை திறப்பது லேசு. திறந்த கடையை ஐந்து வருஷம் இழுத்துக்கொண்டு போவதுதான் பாடு. ஐக்கிய அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கும் சிறு தொழில்களில் ஏறத்தாழ அரைவாசி ஐந்தாம் வருஷத்தைக் காணாமலே மூடப்பட்டு விடுகின்றன. அதே நாட்டில் ஆமிஷ் என்றொரு கிறிஸ்தவச் சமூகம் இருக்கிறது. அவர்கள் கார் வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை. பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனாலும் அவர்களுடைய தொழில்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அந்த ஐந்து வருஷத்தைத் தாண்டி நிற்பதாக ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். வியாபாரத்தோடு பிறந்து வளர்ந்த சமூகம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் ஆட்களை அறிந்துகொள்வோம். 1693 இல் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் யாகோப் அம்மான் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்து நின்றவர்களே ஆமிஷ்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மத சுதந்திரம் தேடிப் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். இன்று மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வட அமெரிக்காவில் வாழ்கிறார்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், ஒஹாயோவின் ஹோம்ஸ், வட இந்தியானா ஆகியவை பெரிய குடியிருப்புகள். வீட்டில் பேசுவது ஒருவகை ஜெர்மன் பேச்சுமொழி.

இவர்கள் பரம்பரை விவசாயிகள். வியாபாரத்துக்கு வந்தது ஆசையால் அல்ல, நெருக்கடியால். வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள். காணி விலையோ வானத்தில். 1970களுக்குப் பிறகு எல்லாப் பிள்ளைக்கும் வயல் கொடுக்க முடியாமல் போயிற்று. தொழிற்சாலைக்கு அனுப்பினால் தகப்பன் பகலெல்லாம் வீட்டில் இல்லை. பிள்ளை அவனிடம் கற்பதும் இல்லை. ஆகவே வீட்டுக் கொல்லையிலேயே பட்டறை போட்டார்கள். தளபாடம், தோட்டக் கொட்டகை, குதிரைச் சேணம், வீடுகட்டும் வேலை, பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை, சந்தையில் பாண், பாலாடைக்கட்டி என்று தொழில் பெருகிற்று. டொனால்ட் கிரேபில், ஸ்டீவன் நோல்ட் என்ற இருவர் லங்காஸ்டரை வைத்து 1995 இல் எழுதிய நூல் இந்த மாற்றத்தைத்தான் ஆராய்கிறது.

வெற்றியின் முதற் காரணம் செலவுக் கணக்கு. வாடகை இல்லை, ஆடம்பரக் கந்தோர் இல்லை. மனைவி மக்களே கைகொடுக்கிறார்கள். பதினாலு வயதுப் பொடியன் பட்டறையில் நின்று தொழில் பழகுகிறான். இருபது வயதில் அவனிடம் கடனும் இல்லை, கைத்தொழிலும் உண்டு.

இரண்டாவது, கட்டுப்பாடே கெட்டித்தனத்தை வளர்த்தது. மின்சாரம் கூடாதென்றால் மரம் அறுப்பது எப்படி? டீசல் எஞ்சினை ஓட்டி, அதனால் காற்றை அழுத்தி, குழாய் வழியே அனுப்பி இயந்திரங்களைச் சுழற்றுகிறார்கள். இதற்கு 'ஆமிஷ் மின்சாரம்' என்றே பெயர். மின் இயந்திரத்தைக் காற்றில் ஓடும்படி மாற்றிக் கொடுப்பதே சிலருக்குத் தனித் தொழிலாகிவிட்டது. ஒரு புதுப் பொருள் வந்தால், "இது நம் குடும்பத்தையும் ஊரையும் என்ன செய்யும்?" என்று கேட்கிறார்கள். இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த ஒவ்வொரு சபையும் தன் விதியைத் தானே தீர்மானிக்கிறது.

மூன்றாவது, விழுந்தவனைத் தூக்கும் ஏற்பாடு. களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடிக் கட்டிக் கொடுக்கும். வைத்தியச் செலவுக்குச் சபை தோள் கொடுக்கும். இந்த உதவியை நம்பியே அரச சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து தமக்கு விலக்குக் கேட்டு, சுயதொழில் செய்வோருக்கு 1965 இல் அதைப் பெற்றுக்கொண்டார்கள். ஒருவருடைய வியாபாரம் சரியத் தொடங்கினால் அனுபவசாலிகள் இரண்டு மூன்று பேர் அமர்ந்து கணக்குப் புத்தகத்தை விரித்துப் பார்ப்பார்கள். கடன் கொடுத்தவனை ஏமாற்றுவது அவர்களிடத்தில் மார்க்கக் குற்றம்.

எனக்கு ஆகப் பெரிதாகப் பட்டது நான்காவது: அளவு. வியாபாரம் மிதமிஞ்சிப் பெருத்தால் பெருமை வரும், பெருமை வந்தால் சபை குலையும் என்பது அவர்கள் நம்பிக்கை. அளவு மீறி வளர்ந்த தொழிலை விற்றுவிட்டு விலகியவர்களும் உண்டு. வேலை பழகியவன் தனியே பட்டறை போடும்போது பழைய முதலாளியே உதவுகிறார். இதனால் ஒரு பெரிய முதலாளியும் நூறு வேலையாட்களும் என்றில்லாமல், ஊர் நிறையச் சின்ன முதலாளிகள்.

எல்லாம் ஒழுக்கத்தின் பயன் என்று சொன்னால் அது அரை உண்மை. லங்காஸ்டர், பிலடெல்பியாவுக்கும் நியூயோர்க்கிற்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் வந்து குவிகிறார்கள். 'ஆமிஷ்' என்ற பெயரே ஒரு விற்பனை முத்திரை. வாகனம் ஓட்டவும் இணையத்தில் விற்கவும் வெளியாட்களின் கையை நாடுகிறார்கள்.

நம்பிக்கைக்கும் ஆபத்துண்டு. ஒஹாயோவின் சுகர்கிரீக்கில் தம்மவர் ஒருவரிடம் ஊரார் ஒப்படைத்திருந்த சேமிப்பில் கோடிக்கணக்கான டொலர் தொலைந்து, 2010 இல் அவர் வங்குரோத்து அறிவித்தார். 'நம்ம ஆள்தானே' என்று எவரும் கணக்குக் கேட்கவில்லை. இதைப் படித்தபோது நம்மூர்ச் சீட்டுகளும், எழுத்தில்லாத கைமாற்றுகளும், கூட்டு வியாபாரங்களும் நினைவுக்கு வராமல் இல்லை.

ஓர் ஆசிரியனாக எனக்கு உறுத்துவது படிப்பு விடயம். எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளையை அனுப்பும்படி வற்புறுத்த முடியாதென்று 1972 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்குத் தீர்ப்பளித்தது. 2004 இல் பதினாலு வயதுப் பிள்ளைகள் மரப்பட்டறைகளில் வேலை செய்யச் சட்டம் இளக்கப்பட்டது. பட்டறை பிடிக்காத பிள்ளை என்ன செய்வது? வைத்தியராக ஆசைப்படும் பெண்பிள்ளை? ஞானஸ்நானம் பெற்றபின் விலகுபவரை உறவினரே ஒதுக்கிவைப்பார்கள்.

சாதாரணதரப் பரீட்சையோடு பையனைக் கடைக்குக் கூட்டிப் போகும் வாப்பாமார் என்னிடம் வந்து, "சேர், படிச்சு என்னத்தக் காணப் போறான்?" என்று கேட்பதுண்டு. அவர்கள் ஆமிஷ்களை உதாரணம் காட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே பள்ளியை விட்ட பிள்ளையை ஒரு முழுச் சமூகம் கையேற்கிறது: தொழில் பழக்குகிறது, முதல் கொடுக்கிறது, விழுந்தால் தூக்குகிறது. நம்முடைய பையன் பெரும்பாலும் அடுத்தவன் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறான். பத்து வருஷம் கழிந்தும் அங்கேயே நிற்கிறான். ஸக்காத்தும் ஸதகாவும் அமானிதமும் நமக்கும் உண்டு. வேலை பழகியவனுக்கு ஒரு கடை வைத்துக் கொடுக்கும் முதலாளிகள் நம்மில் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் எண்ணிப் பார்க்கலாம்.