கசெற்றில் உள்ள குரலும் கணனி சேர்க்கும் இரைச்சலும்

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களிற் பலவற்றில், அலுமாரியின் மேற்தட்டிலோ கட்டிலின் கீழுள்ள பெட்டியிலோ, சில கசெற்றுகள் இன்றும் உறங்கிக் கிடக்கின்றன. 1980களிலும் 1990களிலும் ஊருக்குத் தொலைபேசியிற் பேசுவது குதிரைக் கொம்பாக இருந்தது. கடிதத்தில் எழுதி முடியாதவற்றை ஊரிலுள்ளோர் கசெற்றிற் பேசி, கொழும்புக்கு வருவோரிடமும் வெளிநாடு புறப்படுவோரிடமும் கொடுத்தனுப்பினார்கள். தாயின் புலம்பல், பேரப்பிள்ளையின் முதற் பாட்டு, கோயில் திருவிழாவின் நாதஸ்வரக் கச்சேரி, கல்யாண வீட்டின் ஆரவாரம் எனப் பலவும் அந்தச் சிறு பெட்டிகளுள் அடங்கியுள்ளன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு ஊரில் இருந்த புகைப்படங்களும் ஒலிப்பதிவுகளும் எத்தனையோ குடும்பங்களுக்கு அழிந்துபோயின. கடல் கடந்து வந்த கசெற் மாத்திரமே எஞ்சியது. இறந்துபோன ஒருவரின் குரல் உலகில் வேறெங்கும் இல்லை, இந்த நாடாவில் மட்டுமே உண்டு என்ற நிலை எம்மிற் பலருக்குப் பொருந்தும்.

காந்த நாடா என்றென்றும் இருப்பதில்லை. அதன் மேற்பூச்சு உதிர்கிறது, உள்ளே இருக்கும் அழுத்தத் துண்டு கழன்று விழுகிறது. அதை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் அருகி வருகின்றன. எனவே கசெற்றைக் கணனிக்கு மாற்றும் வேலையிற் பல வீடுகளில் இப்போது பிள்ளைகள் இறங்கியுள்ளனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆயினும் அவர்கள் கொண்டுவந்து போட்டுக் காட்டிய பதிவுகளிற் சிலவற்றை நாம் கேட்டபோது, அம்மம்மாவின் குரலுக்கு அடியில் ஒரு வண்டு விடாது ரீங்காரம் இடுவதைக் கண்டோம். அந்த வண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததன்று. இங்கே, வரவேற்பறையில், கணனிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையிற் பிறந்தது. குரலோடு ஒருமுறை கலந்துவிட்ட இரைச்சலைப் பிரித்தெடுக்க, பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவையைத்தான் தேட வேண்டும். கலக்காமற் பார்த்துக்கொள்வதோ எளிது.

நாம் கலைப்பட்டதாரி. பௌதிகவியல் எமது துறையன்று. எனினும் இவ்விடயத்தில் எமக்கு உதவியது எமது பழைய இலக்கண பாடமே. தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இரைச்சலுக்குச் சரியான பெயர் வைத்துவிட்டால் அதன் பிறப்பிடம் பாதி தெரிந்துவிடும். ‘ம்ம்ம்’ என மாறாது ஒலிக்கும் ரீங்காரம் மின்சாரத்தினால் வருவது. ‘உஸ்ஸ்’ என்ற சீறல் கூட்டி வைத்த ஒலியளவினால் வருவது, அல்லது நாடாவிற்கே உரியது. சுட்டியை அசைக்கும்போதோ திரையை நகர்த்தும்போதோ ‘கீய்ங்’ என்று கூடவே ஓடும் மெல்லொலி கணனியின் உட்சுற்றுகளிலிருந்து கசிவது. ஒலியளவுக் குமிழைத் திருகும்போது ‘கரகர’ என்றால் குமிழின் உள்ளே அழுக்கு. மின்சாரம் எடுத்தபின், அதற்கென விற்கும் மின்தொடுகை துப்புரவுத் திரவத்தைச் சிறிது விசிறிப் பலமுறை திருகினால் அது பெரும்பாலும் தீரும்.

இவற்றுள் எமது வீடுகளை அதிகம் வாட்டுவது முதலாவதான ரீங்காரமே. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுகளாக அலைகிறது, கனடாவில் 60. ஒலிபெருக்கியிற் கேட்கும் ரீங்காரம் அந்த அலைவும் அதன் மடங்குகளுமே. அது உள்ளே நுழையும் வாசலைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

கணனிக்கு ஒரு புவிக்கம்பி உண்டு. அம்பிளிபயருக்கோ பெரிய ஒலிபெருக்கிக்கோ இன்னொரு புவிக்கம்பி உண்டு. இரண்டும் அறையின் இரு மூலைகளில் உள்ள வெவ்வேறு பிளக் பொயின்றுகளிற் செருகப்பட்டிருக்கின்றன எனக் கொள்வோம். நிலம் ஒன்றேயாயினும், கம்பி செல்லும் வழி வேறாகையால் அவ்விரு புவிகளுக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருக்கும். இப்போது ஒலியைக் கொண்டுசெல்லும் கேபிளால் இரண்டையும் இணைக்கிறோம். அக்கேபிளின் வெளிச்சுற்றுக் கம்பி வலை இரு புவிகளையும் தொடுத்துவிடுகிறது. வட்டம் பூர்த்தியாகிறது. அதனூடாகச் சிறு மின்னோட்டம் ஓடுகிறது. சாதாரண கேபிளில் அந்த வலையே ஒலிக்குரிய திரும்பும் பாதையாகவும் இருப்பதால், ஓடும் மின்னோட்டம் ஒலியோடு ஒலியாகக் கலந்து ரீங்காரமாகிறது. இதனைப் புவி வளையம் என்பர். தொலைக்காட்சிக்கான கேபிள் இணைப்பு அம்பிளிபயரோடு தொடுக்கப்பட்டிருந்தால், அதன் வழியாகவும் இன்னொரு புவி வந்து சேர்ந்து வளையம் உண்டாகலாம். அந்த அன்டெனா வயரை ஒரு நிமிடம் கழற்றிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

செய்யவே கூடாதது

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. புவியால் இரைச்சல் வருகிறதென்றால் புவியை வெட்டிவிடுவோம் என்று சிலர் எண்ணுகின்றனர். பிளக்கின் பக்கத்திலுள்ள உலோகத் தொடுகையை ஒட்டுநாடாவால் மூடுவதும், மூன்றாம் முளையை முறிப்பதும், கனடாவில் மூன்று முளையை இரண்டாக்கும் இடைப்பிளக்கைச் செருகுவதும் நாம் கேள்விப்பட்ட வைத்தியங்கள். இரைச்சல் நிற்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் புவிக்கம்பி இருப்பது ஒலிக்காக அல்ல, உயிருக்காக. கருவியின் உள்ளே மின்னேறிய வயர் ஒன்று கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், புவிக்கம்பி அந்த மின்னை நிலத்துக்கு இறக்கி உருகியை எரியச் செய்யும். புவிக்கம்பி இல்லாவிடின் பெட்டி முழுவதும் வீட்டு மின்சாரத்தின் மின்னழுத்தம் ஏறி நிற்கும். ஒலிக்கேபிளின் வலை வழியாக, அதனோடு இணைந்த மற்றக் கருவிகளின் உலோகப் பகுதிகளுக்கும் அது பரவலாம். தொடும் கை ஒரு குழந்தையின் கையாக இருக்கலாம். ஒரு கசெற்றைக் காப்பாற்றுவதற்கு இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை வேறு உள. கணனி, அம்பிளிபயர், கசெற் இயந்திரம் ஆகிய மூன்றையும் ஒரே பிளக் பொயின்றிலிருந்து ஒரே நீட்டிப்புப் பலகை மூலம் இயக்குவது முதற் படி. இவை மூன்றும் சேர்ந்தும் அதிக மின் எடுப்பதில்லை. அதே பலகையில் மின்கேத்தலையும் அறைசூடாக்கியையும் செருகாமல் இருந்தாற் போதும். புவிகளுக்கிடையேயான தூரம் குறைய வளையமும் வலுவிழக்கும்.

மடிக்கணனி வைத்திருப்போருக்கு இன்னும் எளிய வழி ஒன்றுண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ரீங்காரம் உடனே நின்றால் குற்றவாளி சார்ஜர் வழி வருகிறான். கசெற்றின் ஒரு பக்கம் பெரும்பாலும் 30 அல்லது 45 நிமிடங்களே. நல்ல மின்கலம் அதற்குத் தாக்குப்பிடிக்கும். ஒரு பக்கத்தைப் பதிந்துவிட்டுத் திரும்ப மின்னேற்றலாம். காசு செலவில்லாத இந்த வைத்தியத்தையே நாம் முதலிற் பரிந்துரைப்போம்.

மேசைக்கணனியானால், கேபிளின் நடுவே பொருத்தும் புவி வளையத் தனிப்பான் என்ற சிறு பெட்டி கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதனுள் இடத்துக்கும் வலத்துக்குமாக இரு சிறு நிலைமாற்றிகள் உள்ளன. ஒலி ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குக் காந்தப்புலமாகத் தாவுகிறது. உலோகத் தொடர்பு அறுந்துவிடுவதால் வளையமும் அறுகிறது, பிளக்கின் புவிக்கம்பியோ தொடாமல் இருக்கிறது. மலிவான பெட்டிகள் ஆழ்ந்த தாழ்சுருதியைச் சற்று மெலியச் செய்யும். பேச்சுக்கு அது குறையன்று, தவில் பதிவுக்கு வேண்டுமானால் கவனிக்கலாம். ஒலித்தகவல் செல்லும் மெல்லிய கேபிளிலேயே இதைப் பொருத்த வேண்டும். அம்பிளிபயரிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் தடித்த வயரில் அன்று.

பழுது எங்கே என்று அறிவதற்கு ஒரு வரிசை உண்டு. ஒலியளவைக் குறைத்துவிட்டு, வரும் கேபிளை ஒலிபெருக்கியின் பக்கத்திற் கழற்றுங்கள். பின் மெல்ல ஒலியைக் கூட்டுங்கள். இரைச்சல் அப்போதும் இருந்தால் நோய் ஒலிபெருக்கிக்கே உரியது. நின்றுவிட்டால் கேபிள் வழியே வந்தது. மறுமுனையிற் கழற்றுவது சரியான சோதனை அன்று. ஒரு முனை திறந்த நிலையில் தொங்கும் கேபிள் தானே அன்டெனாவாகி இரைச்சலைப் பிடித்துத் தந்து நம்மை ஏமாற்றும்.

ஒலிபெருக்கியிற் கேட்கும் எல்லா இரைச்சலும் பதிவினுள்ளும் இருக்கிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. கசெற் இயந்திரத்தை இணைத்து, இயக்கி, நாடாவை ஓடவிடாமல் ஒரு நிமிட அமைதியைக் கணனியிற் பதியுங்கள். பின்பு அதனை ஹெட்போனிற் கேளுங்கள். அமைதியாக இருந்தால் பதிவு சுத்தமானது, ஒலிபெருக்கிதான் முனகுகிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் இரண்டு மணி நேரப் பதிவை ஆரம்பிப்பது வீண் வேலை.

சில சில்லறைத் தொல்லைகள்

கசெற் இயந்திரத்தை அம்பிளிபயரின் தலைமேல் அடுக்கி வைப்பது பார்வைக்கு அழகு. ஆனால் அம்பிளிபயரினுள் இருக்கும் பெரிய நிலைமாற்றியின் காந்தப்புலம் கசெற்றின் வாசிப்புத் தலையில் நேரே இறங்கும். அரை மீற்றர் தள்ளி வையுங்கள். மின் வயரும் ஒலிக்கேபிளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கக் கூடாது. குறுக்கிட வேண்டியிருந்தால் சிலுவைபோல் செங்கோணத்திற் குறுக்கிடட்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்விளக்கு ஆளி, பழைய குழல்விளக்கு ஆகியன இரையும் இயல்புடையவை. பதிவு நேரத்தில் அணைத்துவிடலாம். ‘தத் தத் தர்ர்ர்’ என்று திடீரெனத் தாளம் போடுவது கைத்தொலைபேசி. பழைய இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் அது செக்கனுக்கு சுமார் 217 தடவை அலையை விட்டு விட்டு அனுப்புவதால் வந்த தாளம் அது. இப்போது அவ்வலையமைப்புகள் பல நாடுகளில் மூடப்பட்டுவிட்டமையால் இது குறைந்துள்ளது. ஆயினும் தொலைபேசியை அடுத்த அறையில் வைப்பதில் நட்டமில்லை.

ஒலிபெருக்கிக்கான மின்னைக் கணனியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே எடுத்து, ஒலியையும் அதே கணனியிலிருந்து எடுக்கும்போதுதான் முன்சொன்ன ‘கீய்ங்’ பெரும்பாலும் பிறக்கிறது. மின்னைச் சுவரில் செருகும் தனிச் சார்ஜரிலிருந்து கொடுங்கள்.

ஒலியை உள்வாங்கும் துளையிலும் கவனம் வேண்டும். ஒலிவாங்கிக்கு உரிய துளையில் கசெற் இயந்திரத்தைச் செருகினால் குரல் உடைந்து கரகரக்கும். அத்துளை மிக மெல்லிய ஒலிக்கென அமைந்தது. கசெற்றின் பின்புறமுள்ள ‘லைன் அவுட்’ துளையைக் கணனியின் ‘லைன் இன்’ துளையோடு இணைக்க வேண்டும். மடிக்கணனிகளில் அது பெரும்பாலும் இல்லை. அதற்கென யு.எஸ்.பி. ஒலிப் பெட்டி ஒன்றை வாங்குவது தகும். கணனி எதிலிருந்து பதிகிறது என்பதையும் தெரிவுப் பட்டியலிற் பார்த்துவிடுங்கள். கணனியின் சொந்த ஒலிவாங்கி தெரிவாகியிருந்தால், அப்பப்பாவின் ஆசிச் சொற்களோடு குசினியில் வெங்காயம் தாளிக்கும் ஓசையும் சேர்ந்து பதிவாகும். செய்தி வந்ததை அறிவிக்கும் ‘டிங்’ ஒலிகளையும் அந்நேரம் நிறுத்தி வையுங்கள். ஒலியளவை, மிக உரத்த இடத்திற்கூட அளவுகோல் உச்சியைத் தொடாமல், ஏறத்தாழ ஆறு டெசிபல் கீழே நிற்கும்படி அமைப்பது நன்று.

ஊரோடு படத்தில் பேசும்போது எழும் ஊளை வேறு வகை. மரணச் சடங்கை இங்கிருந்து பார்க்க இருபது பேர் ஒரு அறையிற் கூடி, ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்தால், அதன் ஒலி ஒலிவாங்கியுள் புகுந்து மீண்டும் ஒலிபெருக்கியால் வந்து சுற்றிச் சுற்றி வளர்கிறது. பார்ப்போர் தத்தம் ஒலிவாங்கியை மூடிவைத்தால் அது அடங்கும். பேசுபவர் மட்டும் திறக்கட்டும்.

எல்லாம் செய்தபின்னும் நாடாவில் இரைச்சல் எஞ்சும். அவுடாசிற்றி போன்ற இலவச மென்பொருள்கள் இரைச்சலின் மாதிரியைக் கற்று அதனைக் குறைக்க வல்லன. அளவு மீறினால் பேசுபவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். எனவே முதற் பதிவைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பிரதியிலேயே கைவைக்க வேண்டும். எதை இரைச்சல் என்று கொள்வது என்பதும் சிந்திக்கத் தக்கது. 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் மின்கலமும் இல்லாத யாழ்ப்பாணத்திற் சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றியே வானொலியும் கசெற்றும் இயக்கினார்கள். அக்காலத்துப் பதிவு ஒன்றில் வேகம் ஏறி இறங்கினால் அது சுழற்றிய கை களைத்ததன் அடையாளமாக இருக்கலாம். பின்னணியிற் கூவும் சேவலையும், தூரத்தே அதிரும் ஷெல்லையும், ‘மெல்லமாக் கதையணை’ என்று யாரோ கிசுகிசுப்பதையும் துடைத்தெறிய எமக்கு மனம் ஒப்பாது. இங்குள்ள பிளக் பொயின்று சேர்க்கும் ரீங்காரமே துடைக்கத் தக்கது.

வேலையை ஆரம்பிக்கும் முன், கசெற்றின் முதுகுப்புறத்தில் இரு ஓரங்களிலும் உள்ள சிறு பிளாஸ்ரிக் தட்டுகளை முறித்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. அவை முறிந்திருந்தால், பதிவுப் பொத்தானை யாரேனும் தவறுதலாக அழுத்தினாலும் அது இறங்காது.