சுவருக்கு அடியில் ஒரு பிராக்டிகல்!

ராத்திரி நிம்மதியா தூங்கறீங்க. காலையில பார்த்தா தெருவுக்குக் குறுக்கே முள்கம்பி வேலி. இந்தப் பக்கம் உங்க வீடு, அந்தப் பக்கம் உங்க காலேஜ். இனிமே போகவே முடியாதுன்னா எப்படி இருக்கும்? 1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை பெர்லின் நகரத்துக்கு இப்படித்தான் விடிஞ்சது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி ரெண்டாச்சு, பெர்லினும் ரெண்டாச்சு. கிழக்கே கம்யூனிஸ்ட் அரசு. 1949-க்கும் 1961-க்கும் நடுவுல சுமார் 27 லட்சம் பேர் அங்கிருந்து மேற்கே கிளம்பிட்டாங்க. அதுல ஏறக்குறைய பாதிப் பேர் 25 வயசுக்கு உட்பட்டவங்க. அவங்களை நிறுத்தத்தான் இந்த வேலி. அதுவே சீக்கிரம் கான்கிரீட் சுவராகி, மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டருக்கு வளர்ந்தது.

கிழக்கே மாட்டிக்கிட்ட நண்பர் குடும்பத்தை மீட்கணும். டொமெனிகோ செஸ்டா, லூயிஜி ஸ்பினா என்ற ரெண்டு இத்தாலிய மாணவர்கள் 1962 மே மாசம் சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சாங்க. இடம், மேற்கே பெர்னாவர் தெருவில் ஒரு தொழிற்சாலையின் அடித்தளம். கூடச் சேர்ந்தவர்களில் ஒருத்தர் ஜோகிம் ருடால்ஃப், இன்ஜினீயரிங் மாணவர். ஏற்கெனவே கிழக்கிலிருந்து தப்பி வந்தவர் பாஸ்! மறுபடி அதே சுவருக்கு அடியில போய், முகம் தெரியாதவங்களுக்காக மண் அள்ளினார். தண்ணி கசிஞ்சது, வேலை நின்னுச்சு. காசும் பத்தல, ஒரு அமெரிக்க டி.வி. சேனல் படம் பிடிக்கிற உரிமைக்காகப் பணம் கொடுத்தது.

இவங்க தோண்டிக்கிட்டு இருந்த அதே ஆகஸ்ட் மாசம், 17-ம் தேதி, சுவர் ஏறித் தப்பிக்கப் பார்த்த பீட்டர் ஃபெக்டரை காவலர்கள் சுட்டாங்க. வயசு 18. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ரத்தம் வழியக் கிடந்தார். ரெண்டு பக்கமும் ஆள் இருந்தும் யாரும் கிட்டே போகலை. சுவரால செத்தவங்க குறைஞ்சது 140 பேர்.

செப்டம்பர் 14, 15 தேதிகளில், நூறு மீட்டருக்கும் மேல நீண்ட அந்தச் சுரங்கம் வழியா 29 பேர் தவழ்ந்து வந்தாங்க.

சுவர் மட்டும் 28 வருஷம் நின்னுச்சு. 1989 நவம்பர் 9, பிரஸ் மீட். பயணக் கட்டுப்பாடு தளர்வு எப்போதிலிருந்துன்னு கேள்வி வர, அதிகாரி ஷபோவ்ஸ்கி பேப்பரைப் புரட்டிட்டு ‘உடனே’ன்னுட்டார். அது மறுநாள்தான் அமலாகணும்! ஆனா ஜனம் அன்னிக்கு ராத்திரியே திரண்டு வந்து கேட்டைத் திறக்க வெச்சிருச்சு.

பெர்லின் போனா எல்லாரும் சுவர் முன்னாடி போட்டோ எடுப்பாங்க. நீங்க பெர்னாவர் தெருவில் கொஞ்சம் குனிஞ்சு தரையையும் பாருங்க. சுரங்கங்கள் போன பாதையை அங்கே குறிச்சு வெச்சிருக்காங்க.