இடம் மாறினால் சேதி சொல்லும் கொழுப்பு

மேகநோய் இருக்கிறதா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையை நம் ஊர்க் கர்ப்பிணிகள் அறிவார்கள். அதில் பயன்படும் கொழுப்பின் பெயர் கார்டியோலிப்பின். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த மேரி பாங்போர்ன், 1940களின் தொடக்கத்தில் மாட்டு இதயத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். உடலுக்குள் அதன் வேலை என்ன என்பது தெரியப் பல்லாண்டுகள் ஆயின.

அது குடியிருப்பது மைட்டோகாண்ட்ரியாவில். இந்த நுண்ணுறுப்புக்கு இரண்டு சவ்வுகள். உட்சவ்வின் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கார்டியோலிப்பின்தான். சவ்வுக் கொழுப்புகளுக்குப் பொதுவாக இரண்டு வால்கள், இதற்கு நான்கு. அதனால் உட்சவ்வின் கூர்மையான மடிப்புகளில் பாந்தமாக அமர்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைத் தயாரிக்கும் புரதங்களையும் அங்கே சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.

மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்தால் கார்டியோலிப்பின் உட்சவ்விலிருந்து வெளிச்சவ்வின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. இடிக்கவேண்டிய வீட்டின் சுவரில் நகராட்சி போடும் குறி போலத்தான். எல்சி3 என்ற புரதம் அதை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள, பழுதான நுண்ணுறுப்பு முழுதாகச் சுற்றி வளைக்கப்பட்டுச் செரிக்கப்படுகிறது. நரம்புச் செல்களில் இது நடப்பதை 2013இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பழுது அளவு மீறினால் சேதியும் மாறுகிறது. எனக்கு மிகவும் வியப்பளிப்பது இந்தக் கட்டம்தான். சைட்டோகுரோம் சி சாதாரண நாட்களில் எலக்ட்ரான்களைச் சுமக்கும் சாதுவான புரதம். நெருக்கடியில் அது கார்டியோலிப்பினோடு இறுகப் பிணைந்து உருமாறி, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு அந்தக் கொழுப்பின் வால்களையே ஆக்சிஜனேற்றம் செய்கிறது. பிடி தளர்கிறது, சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்குகிறது. தன்னைக் கட்டிய கயிற்றைத் தானே அறுக்கிறது, வேறென்ன!

கார்டியோலிப்பினின் வால்களைச் சீரமைப்பது டஃபாசின் என்ற நொதி. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அது பழுதானால் வருவது பார்த் நோய்க்குறி. பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். நெதர்லாந்து மருத்துவர் பீட்டர் பார்த் 1983இல் விவரித்த நோய் இது. மூன்றே வால்கள் கொண்ட குறைக் கொழுப்பு சேர்கிறது, மடிப்புகள் குலைகின்றன, இதயத் தசை நலிகிறது. டஃபாசின் இல்லாத எலிச் செல்களில் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றும் வேலையும் சரியாகத் தொடங்குவதில்லை.